முழுவான் ஒளிப்படக்கருவி
முழுவான் ஒளிப்படக்கருவி என்பது வானம் முழுவதையும் ஒரே படத்தில் பதிவுசெய்யும் கருவியாகும். 2023 ஏப்ரலில் லடாக்கின் ஆன்லே வானாய்வகத்தில் உள்ள இத்தகைய கருவி துருவ ஒளியைப் பதிவுசெய்தது. எளிய வடிவில் இதனை வீட்டிலும் அமைக்கலாம்.

அமைப்பு
ஏறத்தாழ 180 பாகைப் பார்வைக்கோணமுடைய மீன்விழி வில்லை, ஒளியுணரி, ராஸ்பெரி பை போன்ற சிறு கணினி ஆகியன நீர்புகாப் பெட்டியில் பொருத்தப்பட்டு, ஒளிபுகும் அக்ரிலிக் குமிழால் மூடப்படுகின்றன. குமிழில் பனி படியாதிருக்க மின்தடைகளால் சிறிது வெப்பமூட்டப்படும்.

நிறுவுதல்
மொட்டைமாடி இதற்கு ஏற்றது. மதுரையின் பழங்காநத்தம் ஏறத்தாழ 10 பாகை வட அகலாங்கில் உள்ளதால், திசையைச் சரிபார்க்க உதவும் துருவ விண்மீன் அங்கு அடிவானத்துக்கு மேல் 10 பாகை உயரத்திலேயே தெரியும். ஆகவே வடக்கே தண்ணீர்த் தொட்டியோ மரமோ மறைக்கலாகாது.

பயன்
ஒரு கருவியால் எரிமீன் தோன்றிய திசையை மட்டுமே அறியலாம். பல கிலோமீட்டர் தொலைவில் மற்றொரு கருவியும் அதே எரிமீனைப் பதிவுசெய்திருந்தால் அதன் உயரத்தையும் பாதையையும் கணிக்கலாம்.