லோஞ்சிக்கு எந்தச் சட்டை?

யாங்கோனில் லோஞ்சி கட்டிக்கொண்டு அலுவலகம் போனவர்கள் நாங்கள். ஒரே பையோடு வெளியேறியபோது லோஞ்சியை மடித்து வைத்தோம், சட்டைகளுக்கு இடமில்லை. இப்போது கல்யாணம் வந்தால், "இதுக்கு எந்தச் சட்டை?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

லோஞ்சிக்கு பெல்ட் கிடையாது. முன்பக்க முடிச்சு தளர்ந்துகொண்டே இருக்கும். நாளில் பலமுறை அவிழ்த்துக் கட்ட வேண்டும். சட்டை குட்டையாக இருந்தால் அப்போதெல்லாம் வெளியே வந்துவிடும். ஆகவே இடுப்புக்குக் கீழே நன்றாக இறங்கும் சட்டையாகப் பார்த்து வாங்குங்கள். முதலில் சட்டை, அதன்மேல் முடிச்சு. லோஞ்சி பெரும்பாலும் கட்டம் போட்டதாக இருக்கும். சட்டை வெள்ளையாக இருப்பதே நல்லது. அங்கே அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் பச்சை லோஞ்சி, வெள்ளைச் சட்டைதான்.

விசேஷம் என்றால் காலர் இல்லாத வெள்ளைச் சட்டை. அதற்குமேல் தைக்போன் என்ற துணிமுடிச்சுப் பொத்தான் வைத்த மேலங்கி. அதை உள்ளே செருகக் கூடாது. ஆங்கிலேயர் காலத்தில் கைத்தறிப் பின்னித் துணியில் தைத்த தைக்போன், நம் கதரைப் போல, பர்மியரின் சுதேசி உடையாக இருந்தது.

டி-ஷர்ட்? வீட்டுக்குச் சரி. பெரியவர்கள் கூடும் சபைக்கு வேண்டாம். வெள்ளைச் சட்டை எந்த ஊரிலும் கிடைக்கும். முடிச்சுப் போட மட்டும் பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.