ஆப்பிரிக்க மண்ணும் நம் கரிசற்காடும்

கம்பங்கூழைத் தமிழரின் தொல்லுணவு என்று வகுப்பறையில் பலமுறை பேசியிருக்கிறோம். கம்பின் பிறப்பிடம் மேற்கு ஆப்பிரிக்காவின் வறண்ட நிலம் என்று பின்னர் அறிந்தபோது சற்றே நாணினோம். ஏறத்தாழ 4500 ஆண்டுகளுக்கு முன் அங்குப் பயிராக்கப்பெற்ற அத்தானியமே, கடல்கடந்து வந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரப் புன்செய்களிலும் வேரூன்றியது. வானம் பார்த்த வாழ்வு இரு மண்ணுக்கும் பொது.

அவ்வுறவு அறுந்துவிடவில்லை. ஐதராபாத்தை அடுத்த பட்டாஞ்சேருவில் 1972இல் தொடங்கப்பெற்ற இக்ரிசாட் என்னும் பன்னாட்டு ஆய்வு நிறுவனம், டோகோ நாட்டு உழவர் பேணிவந்த கம்பிலிருந்து ஐ.சி.டி.பி. 8203 என்னும் இரகத்தைத் தேர்ந்தது. 1988இல் அது இந்தியாவில் வெளியிடப்பெற்றது. அவ்வழிவந்த கம்பே 1990இல் நமீபியாவில் 'ஒகசானா 1' எனப் பெயர் பெற்றது. அதனைத் தேர்ந்தவர்களில் அந்நாட்டு உழவரும் இருந்தனர் என்பதே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. பல இரகங்களை விளைவித்துக் காட்டி, எது வேண்டுமென வினவியபோது, மழை ஓயுமுன் முற்றிவிடும் பெருமணிக் கம்பையே அவர்கள் சுட்டினர். விளைச்சலை மட்டும் அளக்கும் அறிஞர்க்கு இவ்விடை தோன்றியிருக்குமா என்பது ஐயமே.

நன்மை மட்டுமே கடல் கடப்பதில்லை. அமெரிக்கப் படைப்புழு 2016இல் மேற்கு ஆப்பிரிக்காவில் தென்பட்டது; 2018இல் கருநாடகத்தில் நுழைந்து, அவ்வாண்டே தமிழ்நாட்டு மக்காச்சோளத்தின் குருத்தையும் தின்றது. கம்பு வந்துசேர நூற்றாண்டுகள் பல ஆயின. புழுவுக்கு ஈராண்டு போதுமானதாயிற்று!

ஆயினும் மருந்தும் அத்திசையிலிருந்தே வரக்கூடும். கென்யாவில் தண்டுத்துளைப்பானை ஒடுக்க வகுத்த முறை ஒன்றுண்டு. மக்காச்சோளத்தின் இடைவரிசையில் டெஸ்மோடியம் என்னும் பயறினச் செடியையும் வயலோரத்தில் தீவனப்புல்லையும் வளர்ப்பர். செடியின் மணம் அந்துப்பூச்சியை விரட்டும், புல் அதனைத் தன்பால் ஈர்க்கும். படைப்புழுவையும் இது குறைப்பதாக 2018இல் ஆய்வர் அறிவித்தனர். நம் வேளாண் பல்கலைக்கழகமோ வரப்பில் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி விதைக்கச் சொல்கிறது. செடியைக் கொண்டே செடியைக் காக்கும் நெறி இரண்டிற்கும் ஒன்றே.

டெஸ்மோடியம் நம் கரிசலில் தழைக்குமா? அதனை ஏட்டில் தீர்க்கவியலாது. கோவிலாங்குளத்து வேளாண் அறிவியல் நிலையத்தாரும் மானாவாரி உழவரும் ஒரே வயலில் நின்று பார்க்க வேண்டும். சோதனை பொய்த்தால் அவ்விழப்பை உழவர் மட்டுமே சுமக்கலாகாது. ஓராண்டு விதையும் கூலியும் மண்ணோடு போனால், அடுத்த புரட்டாசியில் அவர் கடன்பட்டே ஏர் பூட்ட நேரும். நம் மாணவர் பலர் அவ்வீட்டுப் பிள்ளைகள்.