பாலைவனத்து அடுப்பு

அமெரிக்காவில் டெக்ஸஸ் மாகாணத்தின் மேற்கே போகப் போகப் பசுமை குன்றிக்கொண்டே வருகிறது. சிவாவாப் பாலைவனப் பிரதேசத்தில், 20-ஆம் எண் நெடுஞ்சாலை மேல், பேக்கோஸ் என்னும் சிறு நகரம் இருக்கிறது. 1883-ஆம் வருஷம் ஜூலை 4-ஆம் தேதி மாட்டிடையர்கள் இங்கே நடத்திய வீரப் போட்டிதான் உலகத்தின் முதல் 'ரோடியோ' என்று ஊரார் உரிமை கொண்டாடுகிறார்கள். முலாம்பழத்துக்கும் இவ்வூர் பேர் போனது. ஆனால், பசியோடு மோட்டாரில் வரும் பிரயாணியின் கண் முதலில் தேடுவது 'பார்பெக்யூ' கடையைத்தான்.

மாம்சம் தீண்டாத நேயர்கள் முகம் சுளிக்க வேண்டாம். நான் சொல்ல வந்தது முக்கியமாக நெருப்பைப் பற்றி.

கரிபியன் தீவுகளின் பூர்வகுடிகளான டைனோ ஜனங்கள் மரக்கொம்புகளால் பரண் கட்டி, அதன்மேல் உணவை வைத்து வாட்டுவார்கள். அந்தப் பரணின் பெயரே ஸ்பானியர் வாயில் 'பார்பகோவா' ஆகிப் பின்னர் பார்பெக்யூ ஆயிற்று. மத்திய டெக்ஸஸில் ஜெர்மானிய, செக் குடியேறிகளின் கசாப்புக் கடைகளில் ஓக் விறகுப் புகையால் வேகவைக்கும் முறை வளர்ந்தது. மேற்குப் பாலையில் ஓக் மரத்துக்கு எங்கே போவது? அங்கே மண்டிக் கிடப்பது 'மெஸ்கீட்' என்ற முள் மரம். அதன் அனல் உக்கிரமானது, புகையோ காரமானது. ஆகவே விறகைத் தனியே எரித்துத் தணலாக்கி, அந்தத் தணலை மண்வெட்டியால் அள்ளி மாம்சத்துக்கு அடியில் பரப்புகிறார்கள்.

மாட்டின் மார்புப் பகுதி அதன் உடற்பாரத்தைத் தாங்குவது. ஆதலால் தோல்போல் கடினமானது. சுமார் 120 டிகிரி செல்ஸியஸ் சூட்டில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கிடந்தால்தான் அதிலுள்ள 'கொலாஜன்' உருகிக் கூழாகும். அவசரப்பட்டவனுக்குக் கிடைப்பது செருப்புத் தோல்தான்!

நல்ல கடையை அடையாளம் காண்பது எப்படி? கொல்லைப்புறம் பாருங்கள்: பிளந்த விறகு அடுக்கியிருக்க வேண்டும். புகை வெள்ளையாகக் குமுறாமல், மெல்லிய நீலமாக எழ வேண்டும். மாம்சத்தைத் தராசில் நிறுத்துக் காகிதத்தில் வைத்து, ரொட்டி, வெங்காயம், ஊறுகாயுடன் கொடுப்பார்கள். குழம்பு தனியே இருக்கும். மத்தியான்னத்துக்குள் 'தீர்ந்துவிட்டது' என்று பலகை தொங்கினால் அதைவிட நற்சாட்சி வேண்டாம். முந்தின இரவு மூட்டிய நெருப்பின் பலனை இன்று மாலைக்குள் இன்னொரு முறை உண்டாக்க யாராலும் முடியாது.

இந்த மெஸ்கீட் மரம் வேறு யாருமல்ல. நம் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு! மேய்ச்சல் நிலத்தைப் பாழாக்குகிறதென்று டெக்ஸஸ் பண்ணைக்காரர்களும் அதைச் சபிக்கிறார்கள். நம் நாட்டில் 2017-ஆம் வருஷம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே சீமைக் கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டது. அகற்றவேண்டியதுதான், சந்தேகமில்லை. ஆனால் இராமநாதபுரம் சீமையில், அந்த முள்ளை வெட்டி, மண் மூடி, மூட்டம் போட்டு, இரவு பகலாகப் புகையில் நின்று கரி எடுக்கும் ஏழைகளை நினைத்துப் பார்க்கிறோமா?

நெருப்பைக் காத்துக் கண் விழிப்பவன் பேக்கோஸில் ஊருக்கே பெருமை. இங்கே அவனுக்குப் பெயர்கூட இல்லை. மரத்தை வேரோடு பிடுங்குமுன், அதை நம்பிப் பிழைப்பவனுக்கு வேறு வழி காட்டுவது நம் கடமை அல்லவா?