ஜிப் ஃபைலைப் பிரிக்கும் முன் ஒரு நிமிஷம்... பைத்தானில் இரண்டு வரி கோடு போதுமா?

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதியில் எந்த ஃபேக்டரி கேட்டிலும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். லாரி வந்து நிற்கும். செக்யூரிட்டி சலானை வாங்குவார், சீலைப் பார்ப்பார், நோட்டில் எழுதுவார், அப்புறம்தான் உள்ளே விடுவார். மின்னணு உற்பத்திக்கென்றே தனித் தொகுப்பு ஒதுக்கப்பட்டிருக்கும் பிள்ளைப்பாக்கம் சிப்காட்டிலும் இதே கதைதான்.

ஆனால், இதே கம்பெனிகளுக்குள் இன்னொரு சரக்கும் தினமும் வருகிறது. அதை எந்த கேட்டிலும் யாரும் நிறுத்துவதில்லை. அதுதான் ஜிப் ஃபைல்.

ஒரு சர்க்யூட் போர்டு தயாரிக்க வேண்டும் என்றால், டிசைன் டீம் 'கெர்பர்' என்ற வடிவத்தில் ஃபைல்களை அனுப்பும். மேல் பக்கத் தாமிரத்துக்கு ஒன்று, கீழ்ப் பக்கத்துக்கு ஒன்று, பச்சைப் பூச்சுக்குத் தனி, எழுத்துகளுக்குத் தனி, துளை போட வேண்டிய இடங்களுக்குத் தனி. இரண்டு அடுக்கு போர்டுக்கே எட்டு, பத்து ஃபைல் ஆகிவிடும். அதில் ஒன்று விடுபட்டாலும், பழைய பதிப்பு ஒன்று கலந்தாலும் போர்டு வேஸ்ட். அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே ஜிப்பில் கட்டி அனுப்புகிறார்கள்.

ஒன்றிரண்டு வந்தால் மவுஸில் க்ளிக் செய்து பிரிக்கலாம். தினமும் நூறு வந்தால்? பைத்தான் தெரிந்த யாராவது ஒருவர் ஸ்க்ரிப்ட் எழுதி, வரும் ஜிப்பெல்லாம் தானாகப் பிரிவதுபோல செய்துவிடுவார். சிக்கல் ஆரம்பிக்கிற இடமும் அதுதான்.

ஜிப்புக்குள் என்ன இருக்கிறது?

1989-ல் அமெரிக்காவின் ஃபில் காட்ஸ் கொண்டுவந்த வடிவம் இது. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று அவர் திறந்துவிட்டதால்தான் உலகம் முழுக்கப் பரவியது. வழக்கமான ஒரு ஜிப்பின் முதல் இரண்டு எழுத்துகளைப் பார்த்தால் 'பி', 'கே' என்று இருக்கும். அவருடைய இனிஷியல்தான்!

உள்ளே ஃபைல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். கடைசியில் ஒரு பட்டியல் இருக்கும். ஃபைலின் பெயர் என்ன, எந்த ஃபோல்டருக்குப் போக வேண்டும், சுருக்கும் முன் எவ்வளவு சைஸ், சுருக்கிய பின் எவ்வளவு என்ற விவரமெல்லாம் அதில் உண்டு. பேக்கிங் லிஸ்ட் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். வழியில் ஃபைல் கெட்டுப்போயிருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இந்தப் பட்டியலை எழுதுவது அனுப்புகிறவர். அவர் எழுதியதெல்லாம் உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

உருவாக்குவது ஈஸி... ஆனால் சுருங்கவில்லையே?

பைத்தானுடன் சேர்ந்தே வரும் 'ஜிப்ஃபைல்' லைப்ரரியில் ஒரு ஜிப் உருவாக்க இரண்டு வரி போதும். புதிதாக எழுதுகிறவர்கள் அடுத்த நிமிடமே கேட்கும் கேள்வி, "சைஸ் குறையவே இல்லையே, ஏன்?"

காரணம் சிம்பிள். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் இந்த லைப்ரரி ஃபைல்களைச் சுருக்காது, அப்படியே அடுக்கி மட்டும் வைக்கும். 'டிஃப்ளேட்' முறையில் சுருக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டும். அந்த முறை, திரும்பத் திரும்ப வரும் பகுதிகளைக் கண்டுபிடித்து, "இதை முன்னாடியே பார்த்தோம், அங்கே போய்ப் பார்" என்று குறிப்பு எழுதிவைக்கும். அதனால் எழுத்தும் எண்ணுமாக இருக்கும் கெர்பர் ஃபைல்கள் நன்றாகச் சுருங்கும். ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஜேபெக் படங்களும் வீடியோக்களும் பெரிதாகக் குறையாது.

தமிழுக்கு இதில் ஒரு லாபம் உண்டு. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் செலவாகும். அதில் முதல் பைட் எப்போதும் ஒன்றேதான், இரண்டாவது பைட் இரண்டில் ஒன்று. இவ்வளவு திரும்பத் திரும்ப வருவதால் தமிழ் உரை ஃபைல்கள் நன்றாகவே சுருங்கும்.

இன்னொரு விஷயம். ஏற்கெனவே இருக்கும் ஜிப்பில் அதே பெயரில் திருத்திய ஃபைலைச் சேர்த்தால், பழையது அழியாது. எச்சரிக்கை ஒன்று வரும், ஆனால் இரண்டும் உள்ளேயே இருக்கும். டிசைன் மாறினால் புது ஜிப்பே உருவாக்கிவிடுவது நல்லது.

பிரிக்கும்போது என்ன ஆபத்து?

பட்டியலில் ஃபைல் பெயர் இருக்கும் இடத்தில் ஒருவர் "../../" என்று ஆரம்பித்து ஒரு முகவரியை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு புள்ளிக்கு, "ஒரு ஃபோல்டர் மேலே போ" என்று அர்த்தம். அதை அப்படியே நம்பிப் பிரிக்கும் ப்ரோகிராம், நீங்கள் சொன்ன ஃபோல்டரைத் தாண்டி வெளியே போய் எழுதும். அங்கே இருக்கும் செட்டிங்ஸ் ஃபைலையோ, தினமும் ஓடும் ஸ்க்ரிப்டையோ மாற்றி எழுதினால்? அடுத்த முறை அந்த ஸ்க்ரிப்ட் ஓடும்போது, அனுப்பியவரின் கோடுதான் உங்கள் கம்ப்யூட்டரில் ஓடும்.

இதற்கு 'ஜிப் ஸ்லிப்' என்று பெயர். 2018 ஜூன் மாதம் ஸ்னிக் என்ற பாதுகாப்பு நிறுவனம் இதை விரிவாக வெளியிட்டது. பல மொழிகளின் லைப்ரரிகளில் இந்த ஓட்டை இருந்தது. ஜாவாவில்தான் அதிகம். பிரிக்கும் வேலையை முழுசாகச் செய்துதரும் பொதுவான லைப்ரரி அங்கே இல்லாததால், இணையத்தில் கிடைத்த கோடை எல்லோரும் காப்பி அடித்தார்கள். ஓட்டையும் சேர்ந்தே காப்பி ஆனது.

பைத்தான் சேஃபா?

பாதி சேஃப். 'ஜிப்ஃபைல்' லைப்ரரி பிரிக்கும்போது பெயரில் இருக்கும் இரட்டைப் புள்ளிகளை நீக்கிவிடும். ஆனால் அதன் அண்ணன் மாதிரி இருக்கும் 'டார்ஃபைல்' கதை வேறு. லினக்ஸ் உலகில் ஜிப்பைவிட 'டார்' வடிவம்தான் அதிகம். போர்டு டிசைனில் புழங்கும் ஓடிபி++ தொகுப்புகளும் பெரும்பாலும் டார் வடிவில்தான் வரும்.

டார்ஃபைலில் இந்த ஓட்டை இருப்பது 2007-லேயே தெரியவந்தது. அப்போது கோடை மாற்றவில்லை. "நம்பிக்கையில்லாத இடத்திலிருந்து வந்ததைப் பிரிக்க வேண்டாம்" என்ற எச்சரிக்கையைக் கையேட்டில் சேர்த்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். கையேட்டை யார் படிக்கிறார்கள்? 15 வருஷம் கழித்து, 2022-ல் ட்ரெல்லிக்ஸ் என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதே ஓட்டையில் மறுபடியும் தடுக்கி விழுந்தார்கள். சுமார் 3,50,000 ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்டுகளில் இது இருக்கலாம் என்பது அவர்களின் மதிப்பீடு.

அதன் பிறகுதான் 'ஃபில்டர்' என்ற வசதி வந்தது. 2023-ல் வெளியான பைத்தான் 3.12-ல் 'டேட்டா' ஃபில்டரைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வெளியே போக முயலும் ஃபைல்களை அது மறுத்துவிடும். 2025 அக்டோபரில் வந்த 3.14-ல் கேட்காமலேயே அதுதான் இயல்பு. ஆனால் அந்த ஃபில்டரிலேயே ஓட்டைகள் இருப்பது 2025 ஜூனில் தெரிந்து, அவசரமாக அடைக்கப்பட்டது. ஆக, ஃபில்டர் போட்டால் மட்டும் போதாது, பைத்தானையும் அப்டேட் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

ஜிப்புக்குள் குண்டு

சைஸிலும் ஏமாற்றலாம். '42.ஜிப்' என்று ஒரு பிரபலமான ஃபைல் உண்டு. பார்க்க வெறும் 42 கேபி. ஜிப்புக்குள் ஜிப்பாக இருப்பதை எல்லாம் பிரித்துக்கொண்டே போனால் 4.5 பெட்டாபைட். அதாவது சுமார் 4,500 டெராபைட்! 2019-ல் டேவிட் ஃபிஃபீல்ட் என்ற ஆய்வாளர், ஒரே ஒரு முறை பிரித்தாலே 10 எம்பி ஃபைல் 281 டெராபைட்டாக விரிவதுபோலச் செய்து காட்டினார். இதற்குத்தான் 'ஜிப் பாம்' என்று பெயர். தானாகப் பிரிக்கும் ஸ்க்ரிப்ட்டிடம் இது மாட்டினால் சர்வரின் டிஸ்க் நிறைந்து, மற்ற வேலையும் நின்றுவிடும்.

தமிழில் ஃபைல் பெயர் வைத்தால்?

பிரித்த பிறகு "வரைபடம்" என்ற பெயர் கோடும் கட்டமுமாகக் கிறுக்கலாக வந்திருக்கிறதா? ஜிப் பிறந்த காலத்தில் ஃபைல் பெயர்களுக்குப் பழைய ஐபிஎம் கம்ப்யூட்டரின் 437-ம் எண் எழுத்துத் தொகுப்புதான் கணக்கு. அதில் தமிழ் கிடையாது. பெயர் யூடிஎஃப்-8-ல் இருக்கிறது என்று சொல்லும் குறி 2006-ல்தான் அதிகாரப்பூர்வமாகச் சேர்ந்தது. பைத்தான் அந்தக் குறியைச் சரியாகப் போட்டுத்தான் எழுதும். குறி இல்லாமல் வந்த ஜிப்பைப் படிக்கும்போதுதான் கிறுக்கல் வரும். பைத்தான் 3.11 முதல், எந்த எழுத்து முறையில் படிக்க வேண்டும் என்று நாமே சொல்லலாம்.

பாஸ்வேர்டு போட்டால் போதாதா?

ஜிப்பின் பழைய பூட்டு பலவீனமானது. 1994-லேயே அதை உடைக்கும் வழியை ஆய்வாளர்கள் வெளியிட்டுவிட்டார்கள். வழக்கமான ஜிப்பில் பாஸ்வேர்டு போட்டாலும் ஃபைல் பெயர்கள் வெளியே தெரியும். பைத்தானின் ஜிப்ஃபைல், பூட்டிய ஜிப்பைத் திறக்கும், ஆனால் பூட்டிய ஜிப்பை உருவாக்காது.

ஆதார் ஆணையத்தின் ஆஃப்லைன் இ-கேஒய்சி இங்கே நல்ல உதாரணம். அது பாஸ்வேர்டு போட்ட ஒரு ஜிப்பாகத்தான் டவுன்லோடு ஆகும். ஆனால் உள்ளே இருக்கும் ஃபைலில் ஆணையத்தின் டிஜிட்டல் கையெழுத்தும் இருக்கும். மற்றவர் பார்க்காமல் இருக்கப் பூட்டு, யார் கொடுத்தது என்று தெரிந்துகொள்ளக் கையெழுத்து. ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது.

சரி, ஸ்க்ரிப்ட்டில் என்ன மாற்ற வேண்டும்?

* பிரிக்கும் முன் பட்டியலை மட்டும் படியுங்கள். ஜிப்ஃபைலில் அதற்கென்றே வசதி இருக்கிறது. எதிர்பாராத பெயர், ஃபைல் வகை இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.
* எல்லா ஃபைலின் விரிந்த சைஸையும் கூட்டிப் பாருங்கள். எண்ணிக்கைக்கும் சைஸுக்கும் ஓர் உச்ச வரம்பு வையுங்கள்.
* ஒவ்வொரு ஜிப்புக்கும் புதிதாக, காலியான ஃபோல்டர். வேலை நடக்கும் ஃபோல்டரில் நேரடியாகப் பிரிக்க வேண்டாம்.
* டார் ஃபைல் என்றால் 'டேட்டா' ஃபில்டர் கட்டாயம்.
* அட்மின் உரிமையுள்ள கணக்கில் ஸ்க்ரிப்டை ஓட்டாதீர்கள். தப்பு நடந்தாலும் சேதம் குறையும்.
* சரிபார்ப்பு எண்களைச் சோதித்த பிறகே ஃபைலை அடுத்த ஆளுக்குக் கொடுங்கள். அது ஃபைல் கெடவில்லை என்று மட்டும்தான் சொல்லும், அனுப்பியவர் நல்லவர் என்று சொல்லாது.

எல்லாம் சேர்த்தால் இருபது, முப்பது வரி கூடும். உங்கள் ஆபீஸில் ஏற்கெனவே இப்படி ஒரு ஸ்க்ரிப்ட் ஓடிக்கொண்டிருந்தால், எழுதியவர் வேலையை விட்டுப் போயிருந்தாலும், அதைத் திறந்து 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்' என்ற சொல்லைத் தேடுங்கள். அதற்கு முந்தைய வரியில் ஏதாவது சோதனை இருக்கிறதா? இல்லையென்றால் இன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.