பீப்பாய்க்கும் பலகைக்கும் பெருந்துளை இடுதல்

மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரை; குளத்து நீரையும் மழையையும் நம்பி நெல் விளையும் நிலம். கிழக்கே, வாவிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடப்பது எழுவான்கரை. களுதாவளை முதலிய எழுவான்கரை ஊர்களில் கிணற்று நீரைக்கொண்டு மரக்கறியும் வெற்றிலையும் பயிராகின்றன. இங்குள்ள மணல் நீரை நெடுநேரம் பிடித்து வைப்பதில்லை. ஒரே வேளையில் மிகுதியாக ஊற்றினால் நீர் வேருக்குக் கீழே இறங்கிவிடும். ஆகவே சிறிது சிறிதாக நீர் கொடுப்பதே இம்மண்ணுக்கு ஏற்றது.

இதற்கு எளிய வழி ஒன்றுண்டு. ஊரில் பரல் எனப்படும் 200 லீற்றர்ப் பீப்பாயை மேடைமேல் ஏற்றி, அதன் அடிப்பக்கத்தில் குழாய் பொருத்தி, சொட்டுநீர்க் குழாய்களுக்கு நீரை விடலாம். மேடையும் குழாய்களும் அமைப்பது கடினமன்று. பீப்பாயில் இடும் துளையே பலருக்கு இடர் தருவது.

ஒழுகும் துளையின் நட்டம்

பலர் உளியாலும் சுத்தியலாலும் தகரத்தைக் கொத்தித் துளைக்கின்றனர். அத்துளை வட்டமாக அமைவதில்லை. விளிம்பு கிழிந்து, சுற்றியுள்ள தகரமும் நெளிந்துவிடுகின்றது. நெளிந்த தகரத்தின்மேல் இறப்பர் வளையம் சமமாகப் படியாது. எவ்வளவு முறுக்கினாலும் நீர் கசியும்.

ஒரு துளிதானே என்று இதனை எளிதாக எண்ணுதல் கூடாது. இருபது துளிகள் சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு மில்லிலீற்றர் ஆகும். விநாடிக்கு ஒரு துளி ஒழுகினால் ஒரு நாளில் 86,400 துளிகள், அதாவது நான்கு லீற்றருக்கும் மேல் வீணாகும். முப்பது நாளில் இது ஏறத்தாழ 130 லீற்றர்; பீப்பாயின் பாதிக்கும் மேல். அன்றியும், கிழிந்த விளிம்பில் உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து துருவை வளர்க்கும். சில காலத்தில் பீப்பாயே பயனற்றுப் போகும்.

கருவிகள் யாவை?

பெருந்துளை இடுவதற்குக் கிண்ண வடிவான வாள்கள் கடைகளில் உண்டு. அவற்றுள் ஒன்று ஒரே அளவுத் துளையை மட்டும் இடும். பல அளவுகள் வேண்டின் பல வாள்கள் வேண்டும். அளவை மாற்றக்கூடிய கருவி ஒன்றிருந்தால் அதுவே பல துளைகளுக்குப் போதும்.

மரத்துக்கு உரியது விரியும் துறப்பண அலகு. இதன் நுனியில் திருகு முனையும், பக்கத்தில் நகர்த்தி இறுக்கத்தக்க வெட்டலகும் உண்டு. 1858ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கிளார்க் என்பவர் இவ்வகை அலகுக்குக் காப்புரிமை பெற்றார். இதன் பெரிய வகை ஏறத்தாழ முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேலிருந்து மூன்று அங்குலம் வரை துளைக்கும்.

தகரத்துக்கு உரியது வட்டவெட்டி. நடுவில் வழிகாட்டும் சிறு துளையலகு; அதற்குக் குறுக்கே ஒரு கை; கையின் நுனியில் அதிவேக உருக்கினாலான வெட்டலகு. கையை நீட்டியும் குறுக்கியும் அளவை மாற்றலாம். சதுரத் தண்டுள்ள வட்டவெட்டியைத் தச்சரின் கைத்துறப்பணத்தில் பூட்டலாம். மின்சாரம் எட்டாத தோட்டத்திலும் இது வேலை செய்யும்.

அளவு குறித்தல்

குழாயின் பெயரைக் கேட்டு அந்த அளவிலேயே துளை இடுவது பெரும் பிழை. ஓர் அங்குலக் குழாய் என்பது அதன் பெயர் மட்டுமே. புரி வெட்டிய பகுதியின் வெளிவிட்டம் ஏறத்தாழ 33¼ மில்லிமீற்றர். அரை அங்குலக் குழாய்க்கு அது 21, முக்கால் அங்குலத்துக்கு 26½ மில்லிமீற்றர் அளவாகும். ஆதலால் துளைக்குள் புகும் உறுப்பையே அளந்து, அதனினும் அரை முதல் ஒரு மில்லிமீற்றர் வரை கூட்டிக்கொள்ள வேண்டும்.

வட்டவெட்டியில் வைக்கும் அளவு விட்டத்தின் பாதியாகும். 34 மில்லிமீற்றர்த் துளைக்கு, நடு அலகின் மையத்திலிருந்து வெட்டலகின் வெளிநுனிவரை 17 மில்லிமீற்றர் இருத்தல் வேண்டும். மையத்திலிருந்து அளப்பது கடினம். நடு அலகு 6 மில்லிமீற்றர்ப் பருமனாயின், அதில் பாதியாகிய 3ஐக் கழித்து, அதன் ஓரத்திலிருந்து 14 மில்லிமீற்றர் அளந்தால் போதும். திருகை இறுக்கியபின் பழைய தகரத் துண்டொன்றில் வெட்டி, குழாய் உறுப்பை நுழைத்துப் பார்க்க வேண்டும்.

தகரத்தில் வெட்டும் முறை

பீப்பாயின் மேல்மூடியை அகற்றினால் உள்ளே கை செல்லும். அடியிலிருந்து ஐந்து சதமமீற்றர் உயரத்தில் மையம் குறித்தால் வண்டல் குழாயினுள் புகாது. மையத்தில் குத்தாணியால் மெல்லக் குழி இட்டு, முதலில் வழிகாட்டும் துளையைத் துளைக்க வேண்டும். வெட்டும் இடத்தின் உட்புறத்தில் மரக்கட்டை ஒன்றை அணைத்துக் கட்டினால் தகரம் அதிராது. சில துளி எண்ணெய் இட்டு, சீரான அழுத்தத்துடன் மெதுவாகச் சுழற்றுக.

பீப்பாயின் பக்கம் வளைந்தது என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும். 34 மில்லிமீற்றர் வட்டத்துக்குள் அவ்வளைவு அரை மில்லிமீற்றரே. வெட்டலகு அதனைச் சமாளிக்கும். 110 மில்லிமீற்றர் வட்டத்துக்கோ வளைவு ஐந்து மில்லிமீற்றராகும். அங்கே அலகு ஓரிடத்தில் ஆழமாக வெட்டும். மற்றோரிடத்தில் தகரத்தைத் தொடவும் மாட்டாது. எனவே அத்தகைய பெருந்துளைகளைத் தட்டையான மூடியில் மட்டுமே இடுக.

வெட்டியபின் பிசிறை அரத்தால் நீக்கி, இரும்புத் தூளை முற்றாகத் துடைத்து, விளிம்புக்குத் துருத்தடுப்பு வர்ணம் பூசுதல் வேண்டும். வர்ணம் உலர்ந்த பின்னரே உள்ளும் புறமும் இறப்பர் வளையம் வைத்து உறுப்பை இறுக்குக.

மரத்தில் வெட்டும் முறை

படுவான்கரை வயல் வரம்பில் குழாய் செலுத்தும் மறிப்புப் பலகைக்கும், விதைப்பெட்டியின் மூடிக்கும், கோழிக்கூட்டுக்கும் மரத்தில் துளை தேவைப்படும். விரியும் அலகால் ஒரே பக்கத்திலிருந்து முழுவதும் துளைத்தால் மறுபுறம் மரம் பிளந்து பெயரும். திருகு முனை மறுபுறத்தில் தலைகாட்டியவுடன் நிறுத்தி, பலகையைத் திருப்பி, அம்முனைத் துளையிலேயே மீண்டும் ஊன்றி வெட்டினால் இருபுறமும் விளிம்பு செம்மையாக இருக்கும்.

அபாயம் எங்கே?

வட்டவெட்டியின் கை ஒரு பக்கமாகவே நீண்டிருப்பதால் அது நிறை சமமற்ற கருவி. கைத்துறப்பணத்தை நிமிடத்துக்கு 40 முறை சுழற்றினால், 100 மில்லிமீற்றர் வட்டத்தில் வெட்டலகு நிமிடத்துக்கு ஏறத்தாழ 12½ மீற்றர் ஓடும். நிமிடத்துக்கு 2,800 முறை சுழலும் மின்துறப்பணத்தில் அதுவே 880 மீற்றர் ஓடும். அவ்வேகத்தில் அலகு தகரத்தில் சிக்கினால் மணிக்கட்டு முறியலாம். அலகே தெறித்துக் கண்ணைக் கெடுக்கலாம். ஆதலால் கையிற் பிடிக்கும் மின்துறப்பணத்தில் வட்டவெட்டியைப் பூட்டுதல் ஒருபோதும் கூடாது. பட்டறையில் நிலையான துறப்பணப் பொறி இருந்தால், மிகக் குறைந்த வேகத்தில், பொருளைக் கவ்வியால் இறுகப் பற்றிய பின்னரே அதனை இயக்க வேண்டும். பொறி சுழலும்போது கையுறை, தளர்ந்த சட்டைக் கை, தொங்கும் சாரம் ஆகியவை ஆகா. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிக.

பெற்றோல், மண்ணெண்ணெய், வர்ணக் கரைப்பான் இருந்த பீப்பாய்களில் துளை இட முற்படலாகாது. வெறுமையாகத் தோன்றினும் உள்ளே தங்கிய ஆவி ஒரு பொறியால் வெடிக்கும். பூச்சிநாசினி இருந்த பீப்பாய் எத்தனை முறை கழுவினும் நீருக்கோ நெல்லுக்கோ உதவாது.

ஊருக்கு ஒன்று போதும்

பெருந்துளை நாள்தோறும் வேண்டப்படுவதன்று. ஒவ்வொரு வீட்டாரும் இக்கருவியை வாங்கத் தேவையில்லை. கமக்காரர் அமைப்பொன்று பொதுப்பணத்தில் வட்டவெட்டி ஒன்றும், விரியும் அலகு ஒன்றும், கைத்துறப்பணம் ஒன்றும் வாங்கி, பொறுப்பான ஒருவரிடம் வைக்கலாம். எடுத்தவர் பெயரை ஏட்டில் பதிதல் வேண்டும். திரும்பும்போது அலகைத் துடைத்து எண்ணெய் பூசியே ஒப்படைத்தல் வேண்டும். வாவிக் காற்றில் எண்ணெயில்லாத உருக்கு விரைவில் துருப்பிடிக்கும்.

பதறாத காரியம் சிதறாது என்பர். அளப்பதற்கும் பழைய தகரத்தில் வெட்டிப் பார்ப்பதற்கும் செலவாகும் நேரம் கால்மணியே. அதனைச் செலவிட்டவரின் பீப்பாய் ஒழுகாது. இறைத்த நீர் முழுவதும் பயிரின் வேருக்கே சேரும்.