புற்றுநோய்க்கு ஆன்டிபாடி மருந்து: முதல் கட்டச் சோதனை என்றால் என்ன?

தோழிகளே, நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களுக்கு ஒரு 'பிரேக்' இருக்கு. புற்றுநோய் அதை அழுத்திவிட்டுத் தப்பிக்கும். அதை விடுவிக்கும் ஆன்டிபாடி மருந்துதான் நிவோலுமாப்.

அமெரிக்காவில் நோய் முற்றிய 39 பேருக்கு முதலில் ஏற்றினார்கள். குறைந்த அளவில் தொடங்கி, உடம்பு தாங்குதா என்று பார்த்துக் கூட்டினார்கள். முதல் கட்டத்தில் முக்கியமாகப் பார்ப்பது அதைத்தான். குணமாகும் என்ற உறுதி கிடையாது. அடுத்த சோதனையில் 296 பேர். முடிவு 2012-ல் வந்தது. மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உள்ள 94 பேரில் 26 பேருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது. ஆனால் பிரேக் விட்ட அணுக்கள் நல்ல உறுப்பையும் தாக்குமே! நுரையீரல் பாதித்து 3 பேர் இறந்தார்கள்.

நம் வீட்டில் யாரையாவது இப்படிச் சோதனைக்குக் கேட்டால், ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாசிக்கச் சொல்லுங்க என்கிறோம். கைநாட்டு வைப்பவருக்கு, சோதனையில் சம்பந்தப்படாத ஒருவர் சாட்சி இருக்கணும். நடுவில் விலகவும் உரிமை உண்டு. அதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது.