சுரங்கத்துக்குப் போன மஞ்சள் குருவி

ஆங்கிலத்தில் ‘கேனரி இன் எ கோல் மைன்’ என்பார்கள். நிலக்கரிச் சுரங்கத்துக் கேனரி! பெரிய ஆபத்துக்கு முன்னே வரும் முதல் எச்சரிக்கையை அப்படிச் சொல்வது வழக்கம்.

கேனரி என்பது சிட்டுக்குருவி அளவே உள்ள, இனிமையாகப் பாடும் மஞ்சள் பறவை. அதற்குச் சுரங்கத்தில் என்ன வேலை என்று கேட்கிறீர்களா? சபாஷ்! அப்படித்தான் கேட்க வேண்டும்.

1896-இல் வேல்ஸ் நாட்டின் டைலர்ஸ்டவுன் சுரங்கத்தில் பெரிய வெடிவிபத்து நடந்தது. ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி அதை ஆராய்ந்தார். இறந்தவர்களில் பலரைக் கொன்றது வெடி அல்ல, பிறகு பரவிய கார்பன் மோனாக்சைடு வாயு என்று கண்டறிந்தார். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

அது எப்படிக் கொல்கிறது? நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், ஆக்ஸிஜனை ஏற்றிப்போகும் பேருந்து மாதிரி. கார்பன் மோனாக்சைடு முந்திக்கொண்டு ஏறி, துண்டு போட்டு இடம் பிடித்துவிடும். ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஆக்ஸிஜனுக்கு ஏது இடம்? புரிகிறதல்லவா?

இந்த வாயுவை முன்கூட்டியே அறிய, எலி, கேனரி போன்ற சின்ன உயிர்களைச் சுரங்கத்துக்குள் கூடவே கொண்டுபோகச் சொன்னார் ஹால்டேன். சின்ன உடம்பு வேகமாக மூச்சு விடும். பறவைக்குக் காற்றுப்பைகளும் உண்டு. அதனால் மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் அதன் நுரையீரலில் புதுக் காற்று ஓடும். விஷவாயு மனிதரைத் தாக்கும் முன்பே கேனரியைத் தாக்கிவிடும். அது தள்ளாடிக் கீழே விழுந்தால் தொழிலாளர்கள் உடனே வெளியேறுவார்கள்.

ஐயோ, குருவி? அதைச் சாகவிடவே அனுப்பினார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. சில கூண்டுகளின் மேல் ஒரு குட்டி ஆக்ஸிஜன் உருளை இருந்தது! கதவை மூடி, உருளையைத் திறப்பார்கள். சுத்தமான ஆக்ஸிஜன் நிறைய வந்ததும், இடம் பிடித்த வாயு மெல்ல இறங்கிப்போகும். குருவி எழுந்து உட்காரும். இந்தக் கூண்டை நினைத்தாலே எனக்கு மகிழ்ச்சி. தொழிலாளர்களும் குருவியிடம் சீட்டியடித்துக் கொஞ்சுவார்களாம். 1986-இல் பிரிட்டனில் கேனரிகளுக்குப் பதிலாக மின்னணுக் கருவிகள் வரும் என்று அறிவித்தபோது பலர் வருந்தினார்கள்.

இன்று விஞ்ஞானிகள் தவளையையும் ‘நிலக்கரிச் சுரங்கத்துக் கேனரி’ என்று அழைக்கிறார்கள். ஏன்? தவளை தன் தோலால் என்னென்ன செய்கிறது என்று தேடிப் படியுங்கள். விடை கிடைத்ததும் எனக்குக் கடிதம் போடுங்கள், கண்ணுகளா!